சிலிக்கோன் தோலில் நான்கு மாதம்: தையல் பயிற்சிப் பெட்டி வாங்கலாமா?

சர்ஜரி போஸ்டிங் (அறுவை சிகிச்சைப் பிரிவில் மருத்துவ மாணவர்களுக்கான பயிற்சிக் காலம்) தொடங்க இரண்டு வாரம் இருந்தபோது பயத்தில் வாங்கியது இந்தப் பெட்டி. ஆபரேஷன் தியேட்டரில் மாணவர்களுக்குப் பெரும்பாலும், வெட்டிய இடத்தை விலக்கி வைக்கும் ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலைதான். எப்போதாவது கடைசியில், "தோலை நீ தைக்கிறியா?" என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் கை நடுங்கினால் அடுத்த முறை வேறொருவரைத்தான் கூப்பிடுவார்கள். நான்கு மாதம் பழகிவிட்டேன், இப்போது எழுதலாம்.

ஜிப் வைத்த பைக்குள் ஒரு சிலிக்கோன் பேட், நீடில் ஹோல்டர் (ஊசியைப் பிடிக்கும் கருவி), பல் வைத்த ஃபோர்செப்ஸ் (இடுக்கி) ஒன்று, பல் இல்லாதது ஒன்று, கத்தரிக்கோல், மூன்றாம் நம்பர் ஸ்கால்பெல் (அறுவைக் கத்தி) கைப்பிடி, அதில் பொருந்தும் 10, 11, 15 நம்பர் பிளேடுகள், ஊசியோடு சேர்ந்த நூல் பாக்கெட்டுகள். நூலில் சில்க், நைலான் இரண்டும் 3-0, 4-0 அளவுகளில் இருந்தன. புதிதாக வருகிறவர்களுக்கு: சுழிக்கு முன்னால் உள்ள எண் கூடக்கூட நூல் மெலியும். பாக்கெட்டின் மேல் ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதை மீறி யார் மேலும் பயன்படுத்திவிடாதீர்கள்.

முதலில் குறை. நீடில் ஹோல்டர் மட்டம். முதல் ‘க்ளிக்’கில் பூட்டி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், நுனியில் மெல்லிய இடைவெளி தெரிந்தது. நுனிதான் முதலில் சேர வேண்டும். இதில் ஊசியைப் பிடித்துத் தோலில் குத்தினால் ஊசி அப்படியே பக்கவாட்டில் சுழன்றுவிடும். என் கைதான் சரியில்லை என்று ஒரு வாரம் நொந்துகொண்டிருந்தேன். அப்புறம் வார்டில் ஒரு சீனியர் அக்கா தன்னுடையதைக் கொடுத்து, "இதுல போடு" என்றார். முதல் தையலே நேராக வந்தது. இடது கைக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை: இந்தப் பூட்டு வலது கைக் கட்டைவிரலின் தள்ளலுக்காகச் செய்தது. என் அறைத்தோழி எல்லாவற்றையும் தலைகீழாகத் தள்ளிப் பழக வேண்டியிருந்தது.

பேட் நன்றாக இருக்கிறது. தோல், கொழுப்பு, தசை என்று மூன்று அடுக்கு. தோலுக்கு அடியில் வலை வைத்திருப்பதால் நூல் சட்டென்று கிழித்துக்கொண்டு வருவதில்லை. முதலில் நான் ஊசியைத் தோலுக்குச் சாய்வாக விட்டு, நேராகத் தள்ளிக்கொண்டிருந்தேன். இரண்டு ஊசி வளைந்த பிறகுதான் புத்தி வந்தது. ஊசியின் நுனியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளிப் பிடித்து, தோலுக்குச் செங்குத்தாக நுழைத்து, மணிக்கட்டை மட்டும் சுழற்ற வேண்டும். வளைந்த ஊசி வளைந்த பாதையில்தானே போகும்! இதைப் படித்துத்தான் இருந்தேன், ஆனால் கைக்குப் புரிய முந்நூறு தையலாவது ஆகியிருக்கும். ரத்தக் குழாய்த் தையலுக்கும் உறுப்பு மாற்று ஆய்வுக்கும் 1912-இல் நோபல் பரிசு பெற்ற அலெக்சிஸ் கேரல், லியோன் நகரில் எம்பிராய்டரி செய்யும் பெண்மணி ஒருவரிடம் ஊசி வேலை கற்றவர் என்பார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ரப்பரைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அதை நினைத்துக்கொள்வேன்.

முடிச்சு பழகவும் பேட் போதும். சில்க் பின்னிய நூல், போட்ட முடிச்சு போட்ட இடத்தில் நிற்கும். நைலான் வழுக்கும், மடித்து வைத்த வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். அதற்குக் கூடுதலாக ஒன்றிரண்டு சுற்று போட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் கையின் திசையை மாற்றாவிட்டால் சதுர முடிச்சு வராது, வழுக்கு முடிச்சுதான் வரும். சில்க்கில் தெரியாத அந்தத் தப்பை நைலான் உடனே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

சரி, பேட் கற்றுக்கொடுக்காதது என்ன? அவசர சிகிச்சைப் பிரிவில் எனக்குக் கிடைத்த முதல் காயம், முன்கையில் நான்கு சென்டிமீட்டர் வெட்டு. நாலு தையல் போட்டேன், எல்லாம் வரிசையாக, சம இடைவெளியில். எனக்கே பெருமையாக இருந்தது. அந்த அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "மூட்டை கட்டுறியாம்மா?" என்றார். முடிச்சுக்கு அடியில் தோல் வெளுத்துப்போயிருந்தது. காயம் அடுத்த ஒன்றிரண்டு நாளில் வீங்கும், அப்போது நூல் இன்னும் இறுகும், விளிம்புக்கு ரத்தம் போகாது. விளிம்புகள் தொட்டுக்கொண்டால் போதும், லேசாக வெளிப்பக்கம் பிதுங்கி நின்றால் இன்னும் நல்லது. நாலையும் வெட்டிவிட்டு, அவர் பக்கத்தில் நிற்க, மறுபடி போட்டேன். அந்த நோயாளி ஒன்றும் சொல்லாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

எங்கே பழகினேன் இந்த இறுக்கத்தை? இந்தப் பேட்டில்தான். சிலிக்கோன் வெளுக்காது, வீங்காது, எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். ஃபோர்செப்ஸிலும் இதே கதை. தோலுக்குப் பல் வைத்ததைத்தான் எடுக்க வேண்டும். பல் இல்லாதது வழுக்குகிறது என்று அழுத்திப் பிடிப்போம், அது திசுவை நசுக்கும். பேட்டில் எதை எடுத்தாலும் ஒன்றுதான், நசுங்கிய தடம்கூட விழாது. ரத்தம் கசிவது, மரத்துப்போக ஊசி போட்டதும் விளிம்பு உப்பி அளவு மாறுவது, ஆள் திடீரென்று கையை இழுப்பது இதெல்லாம் பெட்டியில் வராது என்பது வாங்கும்போதே தெரியும். இறுக்கம்தான் தெரியாமல் வந்து ஒட்டிக்கொள்கிறது.

அதனால் இப்போது வாழைப்பழத் தோலிலும் தைக்கிறேன். கொஞ்சம் இழுத்தால் கிழிந்துவிடும், அதுதான் வேண்டும். பேட்டில் கை அசைவு, பழத்தோலில் இழுவிசை என்று பிரித்துக்கொண்டேன். இரண்டிலும் கையுறை போட்டுக்கொண்டுதான். வெறுங்கையில் பழகிவிட்டுக் கையுறையோடு முடிச்சுப் போட்டபோது விரல்கள் யாருடையதோ போல இருந்தன.

இன்னொரு சின்னக் குறை. பிளேடும் ஊசியும் கொடுத்தவர்கள், பயன்படுத்தியதைப் போட ஒரு டப்பா கொடுத்திருக்கலாம். நான் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றில் போட்டு, நிரம்பியதும் வார்டில் கூர்பொருள் டப்பாவில் சேர்க்கக் கேட்டுக்கொடுத்தேன். விரலால் ஊசியை எடுக்கவே கூடாது, ஃபோர்செப்ஸால் எடுத்துப் பழகுங்கள்.

மூன்றாம் மாதத்திலேயே பேட்டின் நடுவில் இருந்த வெட்டுகள் கிழிந்துவிட்டன. ஓரங்களில் நானே 15-ஆம் நம்பர் பிளேடால் புதிய வெட்டுகள் போட்டுக்கொண்டேன், அதுவே இன்னொரு பயிற்சி. வாங்குவதானால் பேட்டையும் நூலையும் தனியாக வாங்கிக்கொண்டு, நீடில் ஹோல்டரை மட்டும் கையில் பிடித்துப் பார்த்து நல்லதாக எடுங்கள். பெட்டியாக ஐந்துக்கு மூன்று. நுனி சேரும் நீடில் ஹோல்டர் ஒன்று வைத்திருந்தால் நாலு கொடுத்திருப்பேன்.