டயர் மாற்றுவதா, வண்டியையே விற்பதா? ஒன்பது வருடக் கேரவன் அனுபவம்

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். முதல் இரண்டு அது தயாரான வாரம், அடுத்த இரண்டு வருடம். எங்கள் வண்டியில் இருப்பது 1418. 2018-ம் வருடத்தின் 14-வது வாரம். தேய்மானம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை, நகம் வைத்தால் பள்ளத்தில் ஆழமாக இறங்குகிறது. ஆனால் கேரவன் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடுவதுதான் அதிகம். வெயிலும் பாரமும் ரப்பரில் வெடிப்பு விழ வைத்துவிடும். அதனால் ஐந்திலிருந்து ஏழு வருடத்துக்குள் மாற்றிவிடுவது நல்லது. எங்களுக்கு அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. டயர் வாங்கலாமா என்று தொடங்கிய பேச்சு, வண்டியே இனி வேண்டுமா என்பதில் போய் நின்றது.

கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நிற்கும் சொகுசு வண்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப்போகிற, இன்ஜின் இல்லாத சின்ன வீடு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நம் படுக்கை, நம் தலையணை. நள்ளிரவில் கண் விழித்தால் சுவிட்ச் எங்கே என்று சுவரைத் தடவ வேண்டாம். ஊருக்கு ஊர் பெட்டியைப் பிரித்து மூடுகிற வேலை இல்லை. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது இதைவிட வசதியான விடுமுறை எங்களுக்கு அமைந்ததில்லை. மழை வந்தால் உள்ளே சீட்டாட்டம், விட்டதும் கதவைத் திறந்தால் புல்தரை. இதில் எனக்கு இன்றைக்கும் குறை கிடையாது.

இழுத்துப்போவதுதான் வேறு கதை. இரண்டாவது வருடம், கூடாரத் துணி மூட்டையையும் மடக்கு நாற்காலிகளையும் இடம் கிடைத்ததென்று வண்டியின் பின்கோடியில் அடைத்துவிட்டோம். இறக்கத்தில் ஒரு லாரி எங்களைத் தாண்டியதும் பின்னால் வண்டி பாம்பு மாதிரி நெளிய ஆரம்பித்தது. ஸ்டீயரிங் தானாக ஆடுகிறது. என் வீட்டுக்காரர் பிரேக்கைத் தொடவில்லை, ஆக்ஸிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டார். பத்து விநாடி இருக்கும், அடங்கிவிட்டது. பதறிப்போய் எதிர்த்திசையில் திருப்பியிருந்தால் கவிழ்ந்திருப்போம். கனமான சாமான் சக்கர அச்சுக்கு மேலே, தரையோடு இருக்க வேண்டும் என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டோம். அதற்கப்புறம் எந்தச் சாமான் எங்கே என்று நான்தான் பார்த்து அடுக்குகிறேன்.

ரிவர்ஸ் எடுப்பது இன்னொரு கூத்து. ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தால் கேரவனின் வால் வலது பக்கம் போகும். பின்னால் நின்று கைகாட்டுவது என் வேலை. “நீ சொல்ற இடது எந்த இடதும்மா?” என்று அவர் ஜன்னல் வழியாகக் கத்தாத பயணமே இல்லை.

போய்ச் சேர்ந்ததும் மட்டம் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் ஃபிரிட்ஜுக்கு மோட்டார் கிடையாது, சூட்டை வைத்தே குளிர வைக்கும். ஸ்வீடனில் இரண்டு மாணவர்கள், பிளாட்டனும் முன்டர்ஸும், 1922-ல் கண்டுபிடித்த அதே முறைதான். சாய்ந்து நின்றால் திரவம் சரியாக ஓடாது, குளிராது. அதற்காக மனிதர் மட்டப்பலகையும் கையுமாக வண்டியைச் சுற்றிவருவார். ஒரு குளிர்காலக் காலையில் பாதி நிறைந்த சிலிண்டரிலிருந்து கேஸே வரவில்லை. பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கினால் ஆவியாகாதாம். புரொப்பேனுக்கு மாறினோம், அது மைனஸ் 42 வரை தாங்கும். கழிவறைப் பெட்டியைக் கொட்டுவது பற்றி எதுவும் சொல்லப் போவதில்லை.

இதெல்லாம் பழகிவிடும். பழகாதது ஈரம். நான்காவது வருடம் முன்ஜன்னலுக்குக் கீழே மூலையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். சுவர் ரொட்டி மாதிரி உள்ளே போனது. வெளியே தகடுகள் சேருமிடத்தில் பூசியிருந்த பசை காய்ந்து, மயிரிழை இடைவெளி வழியாக மழைநீர் மரச்சட்டத்துக்குள் இறங்கியிருக்கிறது. கருவி வைத்துப் பார்த்ததில் ஈரம் 28 சதவீதம். 15-க்குள் இருந்தால் கவலையில்லை, 20-ஐத் தாண்டினால் உடனே பிரித்துப் பார்க்க வேண்டும். பிரித்தோம். அந்த வருட விடுமுறைப் பணம் அந்த மூலைக்கே போனது.

வருடத்தில் எத்தனை ராத்திரி வண்டியில் தங்கினோம் என்று நான் டைரியில் கணக்கு எழுதிவைப்பேன். முதல் வருடம் 38, மூன்றாம் வருடம் 44. போன வருடத்துக்கு முந்தின வருடம் 11. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், அவருக்கு முதுகு வலி, குனிந்து நான்கு மூலைத் தாங்கிகளையும் சுற்றி இறக்கவே யோசிக்கிறார். ஆனால் இன்சூரன்ஸ், நிறுத்துமிட வாடகை, வருடாந்திர சர்வீஸ் எதுவும் 11 ராத்திரிதானே என்று குறைவதில்லை. பேட்டரி சும்மா நின்றே இறங்கும். மொத்தச் செலவை 11-ஆல் வகுத்துப் பார்த்தேன். நல்ல ஓட்டல் அறையைவிட அதிகம் வந்தது.

அதனால் போன வருடம் வண்டியை எடுக்காமலே இருந்து பார்த்தோம். ஒரு வாரம் வாடகை வீடு, நான்கு நாள் ஓட்டல், இரண்டு ராத்திரி டென்ட். வாடகை வீடு பிரமாதம், ஆனால் பக்கத்தில் மனிதர்களே இல்லை. கேரவன்களை நிறுத்தித் தங்குகிற கேம்ப்சைட்டில் தண்ணீர் பிடிக்கப் போனால் நாலு பேரிடம் பேசிவிட்டு வருவோமே, அது இல்லை. ஓட்டலில் மூன்றாம் நாளே எனக்கு மூச்சு முட்டியது. டென்ட்டில் அவருடைய முதுகு இரண்டாம் நாள் காலை எழுந்திருக்கவே மறுத்தது. சரி, எதை இழந்தோம் என்று உட்கார்ந்து பேசினோம். இருவருக்கும் தோன்றியது கேம்ப்சைட்தான். இழுத்துப்போவதை ஒருவரும் தேடவில்லை.

“அப்போ அங்கேயே நிக்கிற கேரவனை வாடகைக்கு எடுத்தா என்னங்க?” என்றேன். பல கேம்ப்சைட்டுகளில் நிரந்தரமாக நிறுத்தி வைத்திருக்கும் வண்டிகள் உண்டு. நம் தலையணையைக் காரில் போட்டுக்கொண்டு போனால் போதும். வீட்டுக்காரர் பதில் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் வண்டியைக் கழுவிப் படம் எடுத்தார்.

பார்க்க வந்த இளம் தம்பதியிடம், இந்த டயரோடு தூரம் போகாதீர்கள், முதலில் மாற்றிவிடுங்கள் என்று சொல்லி, அதற்கு ஏற்ப விலையைக் குறைத்துக்கொண்டோம். அந்தப் பெண் உள்ளே போய் முன்ஜன்னல் மூலையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். பழுது பார்த்த ரசீதை எடுத்துக் கொடுத்தேன்.