கொல்லைப்புறத்து நிழல் வலை: வலைக்கு முழு மதிப்பெண், கயிற்றுக்குப் பூஜ்யம்

கொல்லைப்புறத்தைச் சீர்படுத்தக் கிளம்புகிறவர்கள் முதலில் நாற்காலி வாங்குகிறார்கள். அப்புறம் மேசை, அலங்கார விளக்கு. வெயில் ஏறியதும் அத்தனையையும் அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். என்னைக் கேட்டால் முதல் செலவு நிழலுக்குத்தான். நான் வாங்கியது நான்கு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் உள்ள நிழல் வலை. ஒரு கோடை முழுவதும் தாங்கிவிட்டது என்பதால் இதை எழுதுகிறேன்.

வலை அருமை. உயர் அடர்த்தி பாலிஎத்திலீன் இழையில் பின்னியது. நெய்த வலையை வெட்டினால் ஓரம் நூல்நூலாகப் பிரியும். பின்னல் வலையில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு மரக்கிளைக்கு வழிவிட ஓரத்தைக் கத்தரித்தேன், அப்படியே நிற்கிறது. புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மம் கலந்ததா என்று மட்டும் அட்டையில் பார்த்து வாங்குங்கள். கலக்காதது வெயிலில் மொடமொடவென்று ஆகி உதிர்ந்துவிடும்.

வெயிலில் பாதியைத் தடுக்கும் 50 சதவீத நிழல் வலை காய்கறிச் செடிகளுக்குச் சரி, ஆட்களுக்குப் போதாது. நான் எடுத்தது 75. அடியில் உட்கார்ந்து கண் கூசாமல் படிக்க முடிகிறது. 90 எடுத்தால் பகலிலேயே மங்கல். பச்சை நிறம் வேண்டாம். அதன் கீழே புத்தகமும் பச்சை, எதிரே இருப்பவர் முகமும் பச்சை. சாம்பல் நிறம் நல்லது. தார்ப்பாய் சூட்டை அடியிலேயே தேக்கும், தகரம் காய்ந்து தலைமேல் அனலடிக்கும். வலையில் சூடான காற்று கண்ணிகள் வழியே மேலே போய்விடுகிறது. மழைக்கு உதவாது, உதவும் என்று அட்டையிலும் போடவில்லை.

கூடவே கொடுத்த கயிற்றைத்தான் சொல்ல வேண்டும். இரண்டு காற்றுக்குத் தளர்ந்து தொய்ந்துவிட்டது. தொய்ந்த வலை படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்த அடியில்தான் மூலை வளையங்கள் பிய்கின்றன. கயிற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, நான்கு மூலைக்கும் டர்ன்பக்கிள் என்னும் திருகி இறுக்கும் இணைப்பை மாட்டினேன். நடுவில் இருக்கும் உடலைத் திருகத் திருக இரு முனைகளும் உள்ளே இழுபட்டு வலை விறைத்து நிற்கிறது. "நாலு மூலையும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும் அம்மா" என்றார் கடைக்காரர். கேட்காதீர்கள். குறுக்காக எதிரெதிரே உள்ள இரண்டு மூலைகள் உயரமாகவும் மற்ற இரண்டு தாழ்வாகவும் இருந்தால் வலை முறுக்கிக்கொண்டு, காற்றில் அதிகம் ஆடாது. சருகும் தேங்காது.

மாலை வெயிலுக்குத் தலைக்கு மேலே என்ன கட்டினாலும் பயனில்லை; அது பக்கவாட்டில் நுழைகிறது. அதனால் தாழ்வான மூலைகளில் ஒன்றை மேற்கே, தலை இடிக்காத அளவுக்கு இறக்கியிருக்கிறேன். அந்த ஒரு மாற்றத்தால் மாலையில் கூடுதலாக ஒரு மணி நேரம் வெளியே இருக்க முடிகிறது.

அடியில் அடுப்பு மூட்டாதீர்கள். இந்தப் பிளாஸ்டிக் சுமார் 130 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் கழற்றி வைத்துவிட வேண்டும்.

வாடகை வீட்டில் சுவரில் துளையிட அனுமதி இல்லாதவர்கள் இந்த அளவை வாங்க வேண்டாம். சிமெண்ட் நிரப்பிய வாளியில் நட்ட கம்பம் இதன் இழுவைக்கு நிற்காது. அவர்களுக்குக் கனத்த அடிப்பாகம் உள்ள பெரிய குடையே போதும்.