வாடகை வீட்டையே சொந்தமாக்கும் ஏற்பாடு: குடியிருந்து பார்த்த அனுபவம்

வேலை நிமித்தமாக முன்பின் பழக்கமில்லாத நகரத்துக்குக் குடிபெயர்ந்தபோது, வந்ததும் வீடு வாங்கத் துணிவும் இல்லை, வாடகையாகவே பணத்தைக் கரைக்க மனமும் இல்லை. அதனால், வாடகைக்கு இருந்துகொண்டே பின்னர் அந்த வீட்டைச் சொந்தமாக்கிக்கொள்ளும் ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்தேன். ஒப்பந்தக் காலத்தின் பெரும்பகுதி இப்போது கழிந்துவிட்டது.

இதில் இருவகை உண்டு. ஒன்றில், காலம் முடியும்போது வாங்கும் உரிமை மட்டுமே நமக்கு உண்டு; வேண்டாமென்றால் விலகலாம். மற்றொன்றில் வாங்கியே தீர வேண்டும்; பின்வாங்கினால் ஒப்பந்த மீறலாகிவிடும். விளம்பரங்களில் இரண்டும் ஒரே பெயரில் வருவதால், ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே கையெழுத்திட்டேன். ஊர் பழகாதவருக்கு இரண்டாவது வகை ஆகவே ஆகாது. முதல் வகையிலும் அந்த உரிமைக்காகத் தொடக்கத்தில் ஒரு தொகை கட்ட வேண்டும். வழக்கமாக அது வீட்டு விலையில் 1 முதல் 5 சதவீதம் வரை இருக்கும். வாங்கினால் பொதுவாக விலையில் கழித்துக்கொள்வார்கள். வாங்காவிட்டால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. அதை நான் சேமிப்பாகக் கணக்கில் வைக்கவில்லை. மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் எவ்வளவு தேங்குகிறது, அலுவலகம் போய்வர உண்மையில் எவ்வளவு நேரமாகிறது என்பதையெல்லாம் குடியிருந்து தெரிந்துகொள்வதற்கான செலவு அது.

மாத வாடகை அக்கம்பக்கத்தைவிட அதிகம். கூடுதல் பகுதி வீட்டு விலையில் வரவு வைக்கப்படும். தாமதமாகக் கட்டினால் அந்த மாத வரவு போய்விடும் என்றொரு விதி இருந்ததால், வாடகையையும் வரவையும் தனித்தனியே குறித்த ரசீதை மாதந்தோறும் கேட்டு வாங்குகிறேன்.

மனத்தாங்கல் வந்தது பழுதுபார்ப்பில்தான். சில்லறைப் பழுதுகள் என் பொறுப்பு, கட்டடக் குறைகள் உரிமையாளருடையவை. குளியலறைச் சுவரில் ஓதம் ஏறியபோது, குழாயில் வாஷர் தேய்ந்திருக்கும் என்று அவர் தட்டிக்கழித்தார். பிளம்பர் சுவர் ஓடுகளைப் பெயர்த்ததும் சுவருக்குள் போகும் குழாயே துருப்பிடித்திருப்பது தெரிந்தது. குடியேறும் முன் எடுத்த ஆய்வறிக்கையில் அதே சுவரின் ஈரக்கசிவு குறிப்பிடப்பட்டு, அந்த அறிக்கை ஒப்பந்தத்துடன் இணைக்கப்பட்டும் இருந்ததால் அவரே செலவை ஏற்றார்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. பத்திரம் கடைசிவரை உரிமையாளர் பெயரில்தான் இருக்கும். அவர் அடமானக் கடனைக் கட்டத் தவறி வங்கி வீட்டை எடுத்துக்கொண்டால், நாம் கட்டிய கூடுதல் பணமும் வீட்டோடு போகக்கூடும். வில்லங்கம் பார்ப்பதும், சட்டம் இடந்தரும் இடங்களில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதும் அதற்காகத்தான்.

வாங்கும் முடிவை இப்போது குறித்த தேதிக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். ஊர் பிடித்துவிட்டது, வீட்டுக் கடனுக்கும் விண்ணப்பித்துவிட்டேன். ஆனால் விலை தொடக்கத்திலேயே முடிவானது. வங்கியின் மதிப்பீடு அதைவிடக் குறைந்தால் கைப்பணம் கூடுதலாகப் போட வேண்டிவரும் என்பதால், மதிப்பீடு கைக்கு வரும்வரை அந்தக் கடிதத்தைக் கொடுப்பதாக இல்லை.