ஐசர்மனின் டெட்ராய்ட், ஹியூஸின் மாண்ட்ரியல்: எந்த மறுகட்டமைப்பு மேலானது?

2024 ஏப்ரல் 16 அன்று மாண்ட்ரியலின் பெல் சென்டர் அரங்கில், ஆட்டம் முடிய மூன்று வினாடிகளே இருந்த நிலையில், டெட்ராய்ட் ரெட் விங்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் டேவிட் பெரான் சமன் செய்யும் கோலை அடித்தார். பிறகு ஷூட்அவுட்டில் டெட்ராய்ட் 5-4 என்று வென்றது. ஆனால் அதே இரவில் பிலடெல்பியாவை வாஷிங்டன் வீழ்த்தியிருந்தது. டெட்ராய்ட்டும் வாஷிங்டனும் 91 புள்ளிகளில் நின்றன. வழக்கமான ஆட்ட நேரத்துக்குள் பெற்ற வெற்றிகள் வாஷிங்டனுக்கே அதிகம் என்பதால் பிளேஆஃப் எனப்படும், கோப்பைக்கான அடுத்த கட்டத் தொடரில் இடம் அதற்குப் போனது. அடுத்த பருவத்தில், அன்று தோற்றுப்போன மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணி அதே 91 புள்ளிகளோடு பிளேஆஃபுக்குள் நுழைந்தது. டெட்ராய்ட் 86 புள்ளிகளோடு, தொடர்ந்து ஒன்பதாவது ஆண்டாக வெளியே நின்றது.

டெட்ராய்ட் ரசிகர்களுக்குள் நடக்கும் வாதத்தின் சூட்டுக்கு இந்த ஒரு காட்சிமாற்றம் போதும். 2019 ஏப்ரலில் பொது மேலாளராகப் பொறுப்பேற்ற ஸ்டீவ் ஐசர்மன் ஆறு ஆண்டுகளில் எட்டாத இடத்தை, 2022 ஜனவரியில் அதே பதவிக்கு வந்த கென்ட் ஹியூஸ் மாண்ட்ரியலில் மூன்றே ஆண்டுகளில் எப்படி எட்டினார்? ஒரு தரப்பு அதிர்ஷ்டம் என்கிறது. மறுதரப்பு ஐசர்மனின் திறமையின்மை என்கிறது. 2025 கோடை வரையிலான கணக்கை வைத்துப் பார்த்தால் இரண்டு விடைகளும் போதாதவை என்றே நான் கருதுகிறேன். வேறுபாடு, கையில் இருந்த சரக்கை, அதாவது வீரர்களையும் புது வீரர்களைத் தேர்வு செய்யும் உரிமைகளையும், இருவரும் எப்போது விற்றார்கள், எதை வாங்கினார்கள் என்பதில் இருக்கிறது.

முதலில் ஆட்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐசர்மன் டெட்ராய்ட்டின் கேப்டனாக 1997, 1998, 2002 ஆகிய மூன்று ஆண்டுகளில் என்எச்எல் என்ற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை உயர்த்தியவர். பிறகு 2010 முதல் 2018 வரை டாம்பா பே அணியின் பொது மேலாளராக இருந்து, அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் நிகிதா குச்செரோவை 58-வது இடத்திலும் பிரேடன் பாயின்ட்டை 79-வது இடத்திலும் தேர்ந்தெடுத்தவர். அந்த அணி 2020, 2021 ஆண்டுகளில் கோப்பை வென்றபோது அவர் அங்கே இல்லை என்றாலும், அதன் அடித்தளம் அவருடையது என்பதை யாரும் மறுப்பதில்லை. ஹியூஸோ என்எச்எல்லில் ஆடாதவர். வீரர்களின் முகவராக இருந்து நேரே இந்த நாற்காலிக்கு வந்தவர். அவருக்கு மேலே, நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியின் மறுகட்டமைப்பை 2018-இல் ரசிகர்களுக்கு எழுதிய வெளிப்படையான கடிதத்தோடு தொடங்கிய ஜெஃப் கார்ட்டன் இருக்கிறார்.

டாம்பாவில் செய்ததை டெட்ராய்ட்டில் ஏன் செய்ய முடியவில்லை என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஐசர்மன் டாம்பாவுக்குப் போனபோது, 2008-இன் முதல் தேர்வான ஸ்டீவன் ஸ்டாம்கோஸும் 2009-இன் இரண்டாம் தேர்வான விக்டர் ஹெட்மனும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். டெட்ராய்ட்டில் அவருக்குப் பெரும்பாலும் கிடைத்தவை டிலன் லார்கின் என்ற ஒரு நல்ல மைய ஆட்டக்காரரும், வயதேறிய வீரர்களோடு முன்பே போடப்பட்டிருந்த நீண்ட ஒப்பந்தங்களும்தான். அவற்றுள் ஜஸ்டின் அப்டெல்கேடர், ஃப்ரான்ஸ் நீல்சன் ஆகியோரின் ஒப்பந்தங்களை இழப்பீடு கொடுத்தே முறிக்க வேண்டியிருந்தது. மாறாக ஹியூஸுக்கு நிக் சுசூகி, கோல் காஃபீல்ட், கேய்டன் கூலே என்ற மூன்று இளைஞர்களை முந்தைய மேலாளர் மார்க் பெர்ஜெவன் விட்டுச் சென்றிருந்தார். அவற்றோடு டைலர் டஃபோலி, பென் சியாரட், ஆர்டுரி லெஹ்கனன் என்று சந்தையில் உடனே விலைபோகும் வீரர்களும் இருந்தார்கள். 2021-இல் இறுதிப்போட்டி வரை சென்ற அணியின் மிச்சம் அது. கேரி பிரைஸின் 1.05 கோடி டாலர் ஆண்டுச் சம்பளம் ஒரு பாரமாகத் தொங்கியது உண்மை. ஆனாலும் தொடக்கக் கையிருப்பில் மாண்ட்ரியல் முன்னால் நின்றது. ஆகவே ‘ஆறு ஆண்டு எதிர் மூன்று ஆண்டு’ என்ற கணக்கை அப்படியே ஏற்பது ஐசர்மனுக்கு அநீதி.

அடுத்தது லாட்டரி. என்எச்எல்லில் கடைசி இடம் பிடிக்கும் அணிக்கு டிராஃப்டின் முதல் தேர்வு உறுதியில்லை; குலுக்கலில் அதற்கு வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான். 2019-20 பருவத்தில் 71 ஆட்டங்களில் வெறும் 39 புள்ளிகள் எடுத்துக் கடைசியில் கிடந்த டெட்ராய்ட்டுக்கு 18.5 விழுக்காடு வாய்ப்பு இருந்தது; குலுக்கல் அதை நான்காவது இடத்துக்குத் தள்ளியது. 2021-22-இல் 55 புள்ளிகளோடு கடைசியில் வந்த மாண்ட்ரியலோ குலுக்கலில் வென்று, தன் சொந்த ஊரில் நடந்த டிராஃப்டிலேயே யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கியை முதலாவதாக எடுத்தது. ஐசர்மனுக்கு டெட்ராய்ட்டில் முதல் மூன்று இடங்களுக்குள் ஒரு தேர்வுகூட அமையவில்லை.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் அதிர்ஷ்ட வாதம் எனக்கு நிறைவளிக்கவில்லை. அந்த நான்காவது இடத்தில் டெட்ராய்ட் எடுத்த லூகாஸ் ரேமண்ட் 2024-25-இல் கோல்களும் கோலுக்கு உதவிய பாஸ்களுமாக 80 புள்ளிகள் குவித்தார்; இரண்டு வயது இளையவரான ஸ்லாஃப்கோவ்ஸ்கி அதே பருவத்தில் எடுத்தவை 51. அதாவது, குலுக்கலில் தோற்ற அணியே இதுவரை சிறந்த வீரரைப் பெற்றிருக்கிறது. 2019-இல் ஆறாவது இடத்தில் மோரிட்ஸ் சைடரை எடுத்தபோது அரங்கமே வியந்தது. 2022-இல் அவர் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையை வென்றார். மாண்ட்ரியலின் கால்டர் வெற்றியாளரான லேன் ஹட்சன் 62-வது இடத்தில் கிடைத்தவர். அவருக்கு முன்பே அதே இரண்டாம் சுற்றில் டெட்ராய்ட் இரண்டு முறை தேர்வு செய்திருந்தது. சொல்லப்போனால் மாண்ட்ரியலே அவருக்கு முன் மூன்று பேரை எடுத்திருந்தது. எனவே இளம் திறமையைக் கண்டுபிடிக்கும் வேலையில் இரு மேலாளர்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி இல்லை. ஹியூஸ் 2023-இல் ஐந்தாவது இடத்தில் மாட்வே மிச்கோவைத் தவிர்த்து டேவிட் ரைன்பாகரை எடுத்தது இன்னும் அந்த ஊர் ரசிகர்களின் நெஞ்சில் குத்துகிறது. மிச்கோவ் பிலடெல்பியாவுக்காகத் தன் முதல் பருவத்திலேயே 63 புள்ளிகள் எடுத்தார்.

இடைவெளி திறக்கும் இடத்தை ஒரே வீரரின் பயணம் காட்டிவிடுகிறது. தற்காப்பு ஆட்டக்காரர் பென் சியாரட்டின் ஒப்பந்தம் 2022 கோடையில் முடியவிருந்தது. ஹியூஸ் பதவியேற்ற இரண்டே மாதங்களில், அந்த மார்ச்சிலேயே அவரை ஃப்ளோரிடாவுக்கு விற்று, டிராஃப்டில் ஒரு முதல் சுற்றுத் தேர்வு உரிமையையும் வேறு சிலவற்றையும் பெற்றார். அந்தத் தேர்வு பின்னர் அலெக்ஸ் நியூஹுக் என்ற 22 வயது முன்கள ஆட்டக்காரரை வாங்கப் பயன்பட்டது. சில மாதங்கள் கழித்து, 31 வயதான அதே சியாரட்டுக்கு ஆண்டுக்கு 47.5 லட்சம் டாலர் வீதம் நான்கு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தவர் ஐசர்மன். நியூஹுக் பெரிய நட்சத்திரமாகிவிடவில்லை. சியாரட்டும் உழைக்காதவர் அல்லர். ஆனாலும் ஒரே சரக்கை ஒருவர் உச்சவிலைக்கு விற்றார், மற்றவர் தன் அணி இன்னும் ஆயத்தமாகாத காலத்தில் அதை நீண்டகாலக் கடனாக வாங்கினார் என்பது மாறாது.

அந்தக் கோடையில் ஐசர்மன் அத்தோடு நிற்கவில்லை. ஆண்ட்ரூ காப்புக்கு 56.25 லட்சம் டாலர் வீதம் ஐந்து ஆண்டுகள், பெரானுக்கு இரண்டு ஆண்டுகள், கோல்கீப்பர் வில்லே ஹுஸ்ஸோவுக்கு மூன்று ஆண்டுகள் என்று பணம் போனது. அடுத்த கோடையில் ஜே. டி. காம்ஃபர், ஜஸ்டின் ஹோல் ஆகியோர் வந்தார்கள். இவர்களில் யாரும் ஓர் அணியை உச்சத்துக்குக் கொண்டுசெல்லக்கூடியவர்கள் அல்லர்; அதே வேளையில் அணியை அடிமட்டத்திலும் விழவிடாதவர்கள். விளைவாக டெட்ராய்ட் நடுவாந்தரத்தில் தங்கியது. டிராஃப்டில் அதன் சொந்த முதல் சுற்று இடம் 8, 9, 15, 13 என்று அமைந்தது. அதுவும் 2019-20 முதல் மூன்று பருவங்கள், ஓர் அணி தன் வீரர்களுக்குத் தரக்கூடிய மொத்தச் சம்பளத்தின் உச்சவரம்பு 8.15 கோடி டாலரில் உறைந்து, அதன் பிறகும் ஆண்டுக்குப் பத்து லட்சம் மட்டுமே கூடிய காலம் அது. அப்போது காலியான சம்பள இடமே சந்தையில் மிக அரிய பொருளாக இருந்தது. அந்தப் பொருளைக் கொண்டு டெட்ராய்ட் நடுத்தர வீரர்களை வாங்கியது. மாண்ட்ரியலோ 2022 ஆகஸ்டில் கால்கரியின் சம்பளச் சுமையான ஷான் மோனஹனை ஏற்றுக்கொள்வதற்குக் கூலியாக ஒரு முதல் சுற்றுத் தேர்வைப் பெற்றது. பிறகு 2024 பிப்ரவரியில் அதே மோனஹனை வினிபெக்குக்கு அனுப்பி இன்னொரு முதல் சுற்றுத் தேர்வையும் வாங்கிக்கொண்டது. ஹியூஸின் பதவிக்காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த செயல் இதுதான்; மைதானத்துக்கு வெளியே ஒரு மேலாளர் தன் அணிக்கு ஈட்டித்தரக்கூடியதன் முழு அளவும் அதில் தெரிகிறது.

ஐசர்மனுக்கு விற்கத் தெரியாது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. 2021-இல் ஆண்டனி மான்தாவை வாஷிங்டனுக்குக் கொடுத்து யாகுப் வ்ரானாவையும் முதல், இரண்டாம் சுற்றுத் தேர்வுகளையும் பெற்றது அந்த ஆண்டின் தேர்ந்த வணிகங்களில் ஒன்று. 2023 மார்ச்சில் ஃபிலிப் ஹ்ரோனெக்கை வான்கூவருக்கு அனுப்பிப் பெற்ற தேர்வில்தான் ஆக்ஸல் சாண்டின் பெலிக்கா வந்தார். எனக்குப் புரியாதது இந்த இரண்டு போக்குகளும் ஒரே காலத்தில் நடந்தது. 25 வயது ஹ்ரோனெக்கை எதிர்காலத்துக்காக விற்கும் அணி, 31 வயது சியாரட்டை நிகழ்காலத்துக்காக ஏன் வைத்திருந்தது? 2024 கோடையில் ஜேக் வால்மனைத் தள்ளிவிட ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வையும் சேர்த்தே சான் ஹோசேக்குக் கொடுத்தார் ஐசர்மன். ஓராண்டு முடிவதற்குள் அந்த அணி வால்மனை எட்மன்டனுக்கு விற்று ஒரு முதல் சுற்றுத் தேர்வைப் பெற்றது. ஐசர்மன் மீது எவ்வளவு மரியாதை வைத்திருந்தாலும் இந்த வணிகத்தை யாராலும் நியாயப்படுத்த முடியாது.

இனி 91 புள்ளிகளுக்கு வரலாம். ‘நாமும் 91 எடுத்தோம், அவர்களும் 91 எடுத்தார்கள், நமக்கு அந்த ஆண்டு போதவில்லை, அவர்களுக்குப் போதியது’ என்று டெட்ராய்ட் ரசிகர்கள் சொல்வதில் உள்ள வலி எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த 91-ஐ எடுத்துக்கொடுத்தவர்களின் வயதைப் பார்க்க வேண்டும். 2023-24-இன் டெட்ராய்ட்டில் லார்கின், ரேமண்ட், சைடர், ஆட்டவாவிலிருந்து வாங்கப்பட்ட அலெக்ஸ் டெப்ரின்கட் ஆகியோரோடு, முப்பத்தைந்து வயதுப் பாட்ரிக் கேனும் பெரானும் முன்னணியில் நின்றார்கள். அந்த மூன்று வினாடி கோலை அடித்த பெரான் அதே கோடையில் ஆட்டவாவுக்குப் போனார். ஷேன் காஸ்டிஸ்பியர் கரோலினாவுக்குப் போனார். 2024-25-இன் மாண்ட்ரியலில் முன்னணியில் நின்ற சுசூகிக்கு 25 வயது, காஃபீல்டுக்கு 24, ஸ்லாஃப்கோவ்ஸ்கிக்கும் ஹட்சனுக்கும் 21. சுசூகி 89 புள்ளிகள் எடுத்தார். ஒரு 91 அடுத்த ஆண்டு 86 ஆகச் சரியும் தன்மையுடையது. மற்றொன்று வளர இடமிருக்கும் 91.

மாண்ட்ரியலின் முறையிலும் ஓட்டைகள் உண்டு. 2022-இல் தற்காப்பு ஆட்டக்காரர் ரோமானோவைக் கொடுத்துச் சுற்றிவளைத்துப் பெற்ற கிர்பி டாக் முழங்கால் காயங்களால் பாதி நேரம் வெளியிலேயே இருந்தார். இரண்டாம் வரிசை மைய ஆட்டக்காரர் பிரச்சினை அதனால் தீராமலே கிடந்தது. பிளேஆஃபில் வாஷிங்டனிடம் 4-1 என்று தோற்றபோது, உடல்வலிமையில் அணி எவ்வளவு பின்தங்கியது என்பதும் தெரிந்தது. ஆனால் 2025 ஜூனில் ஹியூஸ் செய்ததைக் கவனியுங்கள்: 16, 17-வது தேர்வுகளையும் எமில் ஹைனமனையும் நியூயார்க் ஐலண்டர்ஸுக்குக் கொடுத்து, 25 வயதான வலக்கைத் தற்காப்பு ஆட்டக்காரர் நோவா டாப்சனை வாங்கி, 95 லட்சம் டாலர் வீதம் எட்டு ஆண்டுகளுக்குக் கட்டிப்போட்டார். தேர்வுகளைச் சேர்ப்பது பாதி வேலை. அவற்றை உரிய நேரத்தில் ஆளாக மாற்றுவது மறுபாதி. அதே கோடையில் டெட்ராய்ட் வாங்கிய முதன்மையான ஆள் 31 வயதுக் கோல்கீப்பர் ஜான் கிப்சன். கோல்கீப்பர் தேவைப்பட்டது உண்மை, கொடுத்த விலையும் மலிவு. இருந்தாலும் சைடருக்கு இணையாக நிற்கக்கூடிய வலக்கைத் தற்காப்பாளர் ஒருவரோ, லார்கினின் சுமையைப் பகிரும் மைய ஆட்டக்காரர் ஒருவரோ வரவில்லை.

இளைஞர்களைப் பழுக்க வைக்கும் வேகத்தைப் பற்றியும் ரசிகர்கள் மல்லுக்கு நிற்கிறார்கள். சைடர் ஓராண்டு சுவீடனில் ஆடிவிட்டு வந்து வென்றார். ஸ்லாஃப்கோவ்ஸ்கி 18 வயதிலேயே களமிறக்கப்பட்டு, முதல் பருவத்தில் 39 ஆட்டங்களோடு காயப்பட்டார். இதில் டெட்ராய்ட்டின் பொறுமையே மேல் என்பது என் முடிவு. அதற்கு மேல் சொல்ல அதிகமில்லை.

மொத்தத்தில், டிராஃப்ட் மேசையில் இருவரும் சமம், வளர்ப்பில் ஐசர்மன் ஒரு படி மேல், வணிகத்திலும் சம்பள இடத்தைக் கையாள்வதிலும் ஹியூஸ் வெகுதூரம் முன்னே என்பதே என் தீர்ப்பு. இந்த மூன்றாவதுதான் ஒன்பது ஆண்டு வறட்சிக்கும் ஒரு பிளேஆஃப் தொடருக்கும் நடுவே நின்றது. ஐசர்மனை நீக்க வேண்டும் என்ற குரலோடு நான் உடன்படவில்லை, ஏனெனில் திருத்திக்கொள்ளத் தேவையான சரக்கு அவரிடமே இளம் வீரர்களாகக் குவிந்து கிடக்கிறது: செபாஸ்டியன் கோசா, நேட் டேனியல்சன், சாண்டின் பெலிக்கா, மைக்கேல் பிரான்ட்செக்-நீகார்ட். இவர்கள் எல்லோருக்கும் ஒரே அணியில் இடம் இருக்கப்போவதில்லை. லார்கினுக்கு 2025 ஜூலையில் 29 வயதாகிவிட்டது. டெப்ரின்கட்டின் ஒப்பந்தம் 2027-இல் முடிகிறது. இந்த நால்வரில் இருவரையாவது கொடுத்து, 23 முதல் 26 வயதுக்குள் இருக்கும் முதல் வரிசை வீரர் ஒருவரை வாங்கும் துணிவு அந்தத் தேதிக்குள் அவருக்கு வர வேண்டும்.