‘கம்பெனி சரக்கு’ லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பெரிய நிறுவனங்கள் ஊழியர்களுக்காக வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ வைத்திருக்கும் லேப்டாப்கள், மூன்று நான்கு ஆண்டுகளில் மாற்றப்படும்போது மொத்தமாக ஏலம் போகின்றன. அவையே துடைத்துச் சீர்செய்யப்பட்டு, சென்னை ரிச்சி தெரு முதல் மாவட்டத் தலைநகரங்களின் கணினிக் கடைகள் வரை ‘கம்பெனி சரக்கு’ என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் எட்டாம் தலைமுறை ப்ராசசருக்குக் குறைந்தது வேண்டாம் என்று கேட்டு வாங்குவோர் பலர். இந்த வியாபாரத்தில் நேர்மையானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் என்னிடமும் எனக்குத் தெரிந்த இருவரிடமும் ஒரே கடை நடந்துகொண்ட விதம், அடுத்து வாங்கப் போகிறவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

நான் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துப் பக்க வடிவமைப்பும் செய்பவன். நாள் முழுவதும் எழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் வேலை என்பதால், கடைக்காரரிடம் முதலில் கேட்டதே டிஸ்ப்ளே பற்றித்தான். “சார், இது பிசினஸ் சீரிஸ், ஃபுல் எச்டி ஐபிஎஸ் பேனல், கம்பெனியில் ஏசி ரூமிலேயே இருந்த சிஸ்டம், உள்ளே எல்லாம் சர்வீஸ் பண்ணித்தான் வைத்திருக்கிறோம்” என்று சொன்னதோடு, அந்த விவரங்களையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பினார். (ஐபிஎஸ் என்பது பார்க்கும் கோணம் மாறினாலும் நிறம் மாறாத திரை வகை.) பதினான்கு அங்குலத் திரை, ஐ5-8250யூ ப்ராசசர், 16 ஜிபி ரேம், விலை 28,500 ரூபாய். பணம் கட்டியதும் பில் கேட்டேன். ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட ஒரு சீட்டில் மாடல் பெயரையும் தொகையையும் மட்டும் எழுதிக் கொடுத்தார்கள், பில் பிறகு வரும் என்றார்கள். அந்தப் பில் இன்றுவரை வரவில்லை.

வீட்டில் மெய்ப்பைத் திறந்து வேலையில் உட்கார்ந்த பிறகுதான் திரையின் உண்மையான நிலை தெரிந்தது. நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்வரை எழுத்து படிக்கும்படி இருந்தது. நாற்காலியில் சற்றுச் சாய்ந்தாலோ திரையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினாலோ, பக்கத்தின் மேல்பாதி வெளுத்துக் கீழ்பாதி கருத்தது. அடிக்குறிப்புகளின் சிறிய எழுத்தில் மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி வெளிர் சாம்பலாகிப் பின்னணியோடு கலந்துவிட, ‘க்’ எது ‘க’ எது என்று தெரியாமல் ஒவ்வொரு வரியையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. ஒற்றுப்பிழை திருத்துவதே வேலையாக உள்ளவனுக்கு இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது. வெளிச்சத்தை முழுவதும் கூட்டி வைத்தாலும் பகலில் சன்னலோரம் உட்கார முடியவில்லை.

விண்டோஸ் செட்டிங்ஸில் பார்த்தால் 1920×1080 என்றுதான் காட்டும். கடைக்காரரும் முதல் புகாருக்கு அதையே காட்டி, “ஃபுல் எச்டிதானே சார் இருக்கிறது” என்றார். ஆனால் அந்த எண் திரையில் எத்தனை புள்ளிகள் உள்ளன என்பதை மட்டுமே சொல்கிறது; அது எந்த வகைப் பேனல், எவ்வளவு வெளிச்சம் தரும், எவ்வளவு நிறம் காட்டும் என்பதைச் சொல்வதில்லை. பிசினஸ் லேப்டாப்களில் ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று வகைத் திரைகளைத் தயாரிப்பு நிறுவனங்களே விற்றிருக்கின்றன: 220 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவில் வெளிச்சமும், என்டிஎஸ்சி என்ற நிற அளவுகோலில் 45 சதவீத நிறமும் கொண்ட, கோணம் மாறினால் நிறம் புரளும் மலிவான டிஎன் பேனல், எந்தக் கோணத்தில் பார்த்தாலும் மாறாத ஐபிஎஸ் பேனல், அதிலேயே 72 சதவீத நிறமும் 300 அல்லது 400 நிட் வெளிச்சமும் கொண்ட விலை உயர்ந்த பேனல் என்று வரிசை நீளும். ஆகவே இணையத்தில் மாடல் பெயரைத் தேடிப் பார்த்து, அதன் திரை நன்றாக இருப்பதாகப் பலர் எழுதியிருப்பதை நம்பிப் போனால், அவர்கள் வாங்கிய திரையும் உங்களுக்குக் கிடைக்கும் திரையும் வேறுவேறாக இருக்கலாம்.

சூட்டின் கதை இதைவிட மோசமானது. இந்த ப்ராசசரின் அடிப்படை வேகம் 1.6 ஜிகாஹெர்ட்ஸ், தேவைப்படும்போது 3.4 வரை ஏறும், 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். வேலையின் நடுவே ஒரு கணம் தொண்ணூறைத் தொட்டு இறங்குவது மெல்லிய லேப்டாப்களில் இயல்புதான், அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். என்னுடையதில் நடந்தது வேறு. படங்கள் உள்ள ஒரு புத்தகத்தைப் பிடிஎஃப் ஆக்கக் கொடுத்தால் விசிறி இரைய ஆரம்பிக்கும், சூடு 98, 99 என்று நின்றுவிடும், வேகம் அடிப்படை அளவுக்கும் கீழே 0.9 ஜிகாஹெர்ட்ஸுக்கு இறங்கும், கீபோர்டின் மேல்வரிசையில் விரல் வைக்க முடியாது, அதற்கு மேலும் வேலை தொடர்ந்தால் எச்சரிக்கை எதுவும் காட்டாமல் அணைந்துவிடும். சேமிக்காத திருத்தங்கள் அப்படியே போயின.

கடை சரிசெய்து தர மறுத்துவிட்டதால், கைசுத்தமான ஒரு சர்வீஸ்காரரிடம் கொண்டுபோய் என் கண்முன் திறக்கச் சொன்னேன், ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொண்டேன். விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில் தூசி பஞ்சுபோல் அடைந்து காற்றுப் போக வழியில்லாமல் இருந்தது. ப்ராசசரின் மேல், சூட்டைக் கடத்துவதற்காகத் தடவும் தெர்மல் பேஸ்ட் பழையதாகிக் காய்ந்து பொருக்காக இருக்க, அதைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய பேஸ்ட்டைத் தடிமனாகத் தடவியிருந்தார்கள். சூட்டை வெளியேற்றும் தகடான ஹீட்சிங்க்கைப் பிடிக்கும் திருகுகளில் ஒன்று இல்லாததால் தகடு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ‘சர்வீஸ் பண்ணி’ என்று சொன்னது இதைத்தான். திரையின் சட்டத்தைக் கழற்றியபோது, பேனல் திருகில் நிற்காமல் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டப்பட்டிருந்தது. பின்புற லேபிளில் இருந்த பேனல் எண்ணைத் தேடினால் அது டிஎன் பேனல். லேப்டாப்பின் சீரியல் எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் கொடுத்துப் பார்த்தபோது, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதில் இருந்தது ஐபிஎஸ் என்று வந்தது. நல்ல திரையைக் கழற்றிவிட்டு மலிவானதை ஒட்டி, பழைய விவரத்தைச் சொல்லி விற்றிருக்கிறார்கள் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

அதே சமயத்தில் அதே கடையில் அதே மாடலை வாங்கிய வேறு இருவரையும் எனக்குத் தெரியும். ஒருவர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர்; அவருடைய திரை நல்ல ஐபிஎஸ்தான், ஆனால் பேட்டரி உப்பி டச்பேடை மேலே தள்ளத் தொடங்கியிருக்கிறது. உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது என்பதால் அதை உடனே கழற்றச் சொன்னோம். மற்றவர் தஞ்சாவூரில் இருக்கும் ஓர் ஆசிரியை. அவர் விண்டோஸை ரீசெட் செய்து வைஃபையில் இணைத்ததும், முன்பு அந்த லேப்டாப்பை வைத்திருந்த நிறுவனத்தின் பெயரோடு லாகின் பக்கம் வந்து நின்றுவிட்டது. நிறுவனங்கள் தங்கள் கணினிகளை இப்படிப் பதிவுசெய்து நிர்வகிப்பது வழக்கம். கழித்துவிடும்போது அந்தப் பதிவை அவர்கள் நீக்கவில்லையென்றால், வாங்கியவரால் எதுவும் செய்ய முடியாது. வகுப்புக்குத் தயாரிப்பதற்காகச் சேமித்து வாங்கியது இப்போது அலமாரியில் கிடக்கிறது.

கடையின் பதில் மூவருக்கும் ஒன்றுதான். முதலில் அடுத்த வாரம் கொண்டுவரச் சொன்னார்கள், பிறகு ஆள் ஊரில் இல்லை என்றார்கள், கடைசியில் “ஒரு மாசம் டெஸ்டிங் வாரண்டி உண்டு சார், ஆனால் டிஸ்ப்ளே, பேட்டரிக்கு வாரண்டி கிடையாது” என்றார்கள். அந்த நிபந்தனை சீட்டில் எங்கும் இல்லை.

வாங்கப் போகிறவர்கள், கடையில் வீடியோ ஓடவிட்டுக் காட்டுவதை வைத்துத் திரையை முடிவு செய்யாதீர்கள். வெறும் சாம்பல் நிறப் பக்கம் ஒன்றைத் திறந்து, திரையை மெல்லப் பின்னால் சாய்த்துக் கீழிருந்தும் மேலிருந்தும் பாருங்கள். நிறம் புரண்டால் அது டிஎன். வாசல் வெளிச்சத்துக்கும் கொண்டுபோய்ப் பாருங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) போன்ற இலவச மென்பொருளில் பேனலின் எண்ணே பெரும்பாலும் தெரிந்துவிடும், சூடும் வேகமும் அதிலேயே ஓடும். கனமான வேலை ஒன்றைக் கொடுத்து அரைமணி நேரம் விட்டு, வேகம் அடிப்படை அளவுக்குக் கீழே போகிறதா என்று கவனியுங்கள். போனால் சார்ஜரையும் பாருங்கள், ஏனென்றால் அசல் அல்லாத சார்ஜரை அடையாளம் காணாதபோது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் பிசினஸ் லேப்டாப்களும் உண்டு. அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண்ணும் பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய அமைப்புத் திரையில்) உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும்; அந்த எண்ணை நிறுவனத்தின் தளத்தில் கொடுத்து அசல் விவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரீசெட் செய்து, இணையத்தில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் நேரம் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். பில்லில் சீரியல் எண், பேனல் வகை, வாரண்டிக் காலம் மூன்றும் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

ஏற்கெனவே ஏமாற்றப்பட்டவர்களுக்கு: பழைய பொருள் என்பதால் உரிமை இல்லை என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தராமல் இருப்பதையும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிச் சொல்லாதபோது 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதையும் முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. வணிக நோக்கில் வாங்கியவர்களை அந்தச் சட்டம் விலக்கினாலும், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கியவர் நுகர்வோரே. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். கடை இருக்கும் ஊருக்கு அலையாமல் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். ஆசிரியை தஞ்சாவூரிலேயே மனுக் கொடுத்துவிட்டார். வாட்ஸ்அப் செய்தி, எஸ்டிமேட் சீட்டு, பேனல் லேபிளின் படம், சர்வீஸ்காரரின் எழுத்துபூர்வமான அறிக்கை ஆகியவற்றோடு என்னுடையதையும் தாக்கல் செய்திருக்கிறேன்.