ட்ரெய்னி ஆக்சுவரியாக முதல் வேலை: எந்த அலுவலகத்தில் சேரலாம்?

காப்பீடு, பணிக்கொடை போன்றவற்றுக்குப் பின்னால் எவ்வளவு பணம் தேவைப்படும் என்று கணக்குப் போட்டு மதிப்பிடுபவர்தான் ஆக்சுவரி. கணிதமோ புள்ளியியலோ முடித்து, ஆக்சுவரி படிப்புக்கான ஏசிஇடி நுழைவுத் தேர்வில் தேறி, சிஎஸ்1 (புள்ளியியல்), சிஎம்1 (ஆக்சுவரி கணிதம்) என்று இரண்டு தாள்களையும் தாண்டியவர்கள் சேர நம் நாட்டில் பொதுவாக நான்கு விதமான இடங்கள் உண்டு: வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு வேலை செய்து தரும் மையங்கள், கிராஜுவிட்டி மதிப்பீடு செய்யும் சிறு கன்சல்டன்சிகள், ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள், வாகனம், மருத்துவம் போன்றவற்றைப் பார்க்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள். எல்லோரும் முதலில் கேட்பது சம்பளம். நான் கேட்கச் சொல்வது வேறு: உங்கள் திரையில் இருக்கும் எண் எப்படி வந்தது என்று எழுந்து போய் ஒருவரைக் கேட்க முடியுமா?

பெங்களூரு, குருகிராம், மும்பையில் இருக்கும் மையங்களில் அது கஷ்டம். வசதிகள் நன்றாகவே இருக்கும், தேர்வுக் கட்டணத்தையும் பல இடங்களில் திருப்பித் தருவார்கள். ஐஎஃப்ஆர்எஸ் 17 (காப்பீட்டுக்கான சர்வதேசக் கணக்கு விதி), சால்வென்சி 2 (காப்பீட்டு நிறுவனங்களின் மூலதனத்துக்கான ஐரோப்பிய விதி) எல்லாம் சீக்கிரமே பழகிவிடும். ஆனால் அனுமானங்களை லண்டனில் யாரோ முடிவு செய்திருப்பார்கள். மாடலை ஓட்டி, சரிபார்ப்புத் தாளை நிரப்பி, மாலை அழைப்பில் விளக்குவது நம் பங்கு. முழுப் பொறுப்பையும் இங்கேயே வைத்திருக்கும் குழுக்களும் உண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் விடாதீர்கள்.

கிராஜுவிட்டி கன்சல்டன்சியில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஓர் அறிக்கையை முழுதாக முடிப்பீர்கள். மாதம் 26,000 ரூபாய் வாங்குபவர் பத்து வருட சர்வீஸில் கிளம்பினால் 15/26 கணக்கில் (மாதத்துக்கு 26 வேலை நாள், ஒவ்வொரு வருட சர்வீஸுக்கும் 15 நாள் சம்பளம்) கிராஜுவிட்டி 1,50,000 ரூபாய். அவர் எப்போது கிளம்புவார், அதற்குள் சம்பளம் எவ்வளவு ஏறும், அந்தத் தொகையின் இன்றைய மதிப்பு என்ன என்பதுதான் நம் வேலை. சிஎம்1 பாடம் கண்முன்னே நடக்கும். இரண்டு வருடம் கழித்தும் இதே கணக்குதான், கம்பெனி பெயர் மட்டும் மாறும்.

ஆயுள் காப்பீடு ஆழமான துறை. பாலிசி முப்பது வருடம் ஓடும் என்பதால் இன்று போட்ட அனுமானம் சரியா தப்பா என்று தெரியவே காலம் பிடிக்கும். மும்பைக்குக் குடிபோகவும் தயாராக இருங்கள்.

என் ஓட்டு பொதுக் காப்பீட்டுக்குத்தான், அதிலும் மோட்டார் மூன்றாம் நபர் பிரிவுக்கு, அதாவது வாகனம் மோதிப் பாதிக்கப்பட்ட வெளியாளுக்கு இழப்பீடு தரும் காப்பீட்டுக்கு. இதில் பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. உயிரிழப்புக்கோ காயத்துக்கோ தரவேண்டிய தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. வழக்கு தீர்ப்பாயத்தில் வருடக்கணக்கில் நடக்கும். அதுவரை எவ்வளவு பணம் ஒதுக்கி வைப்பது? அதற்குத்தான் முக்கோண அட்டவணை. விபத்து நடந்த ஆண்டுகள் கீழ்நோக்கியும், அதன்பின் கடந்த ஆண்டுகள் பக்கவாட்டிலும் போகும். பழைய ஆண்டுகளில் முதல் வருட முடிவில் 40 கோடியாக இருந்த மொத்தப் பட்டுவாடா அடுத்த வருட முடிவில் 60 கோடி ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள், 1.5 மடங்கு. போன வருட விபத்துகளுக்கு அந்த வருட முடிவுக்குள் 50 கோடி கொடுத்திருந்தால், அந்த மொத்தம் இந்த வருட முடிவில் 75 கோடி ஆகும் என்று எதிர்பார்ப்போம்.

எக்செல் இதை ஒரு நொடியில் போட்டுவிடும். ஆனால் ஓர் ஆண்டில் மட்டும் அந்த மடங்கு திடீரென்று 2 என்று வந்தால்? கிளெய்ம் பிரிவுக்கு நடந்து போய்க் கேட்டால், “அந்த வருஷம் லோக் அதாலத்தில் நிறைய கேஸை முடிச்சோம்” என்று பதில் வரலாம். செலவு கூடவில்லை, பணம் சீக்கிரம் போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்த 2-ஐ அப்படியே விட்டிருந்தால் ஒதுக்கீடு வீணாக வீங்கியிருக்கும். அந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழகியவர்தான் ஆக்சுவரி ஆகிறார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். யுனைடெட் இந்தியா, ராயல் சுந்தரம், சோழமண்டலம் எம்எஸ், ஸ்டார் ஹெல்த் எல்லாவற்றுக்கும் தலைமையகம் சென்னை என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கூடுதல் வசதி. பின்னால் பொதுக் காப்பீட்டுக்கான எஸ்பி7, எஸ்பி8 தாள்களை எடுத்தால் இந்த அனுபவம் நேரடியாகக் கைகொடுக்கும்.

சரி, எங்கே சேர்ந்தாலும் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். மார்ச் முடிவுக் கணக்கு வேலையும் வருடத்தின் முதல் தேர்வும் கிட்டத்தட்ட ஒட்டியே வரும். படிப்பு விடுப்பு உண்டு என்று எல்லோரும் சொல்வார்கள். போன வருடம் ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் குழுவில் எத்தனை பேர் அதை எடுத்தார்கள் என்று நேர்காணலிலேயே கேளுங்கள்.