நியூகாசில் ஃபால்கன்ஸ்: முதலில் 3-ஆம் எண்ணா, 10-ஆம் எண்ணா?

இங்கிலாந்து ரக்பியின் உச்ச லீக்கான பிரீமியர்ஷிப்பில் 2023-24 சீசனில் ஃபால்கன்ஸுக்கு (இப்போது நியூகாசில் ரெட் புல்ஸ்) 18 ஆட்டம், 18 தோல்வி. அடுத்த 2024-25 சீசனுக்கு வீரர்களின் சம்பள உச்சவரம்பு 64 லட்சம் பவுண்டாக இருந்தது. அதை முழுக்கச் செலவழிக்க அப்போது இந்த கிளப்பால் முடியாத நிலை. காசு ஒரு பெரிய ஆளுக்குத்தான் என்றால் ஸ்க்ரமில் (இரு அணி முன்கள வீரர்களும் பிணைந்து பந்துக்காகத் தள்ளுவது) முன்வரிசையின் வலப்பக்கம் நிற்கும் 3-ஆம் எண் டைட்ஹெட் ப்ராப்பா, ஆட்டத்தை நடத்தி உதைகளையும் எடுக்கும் 10-ஆம் எண் ஃப்ளை-ஹாஃபா?

ஃப்ளை-ஹாஃப் வந்தால் பெனால்டி கிக் 3 புள்ளியாகும். 7 புள்ளிக்குள் தோற்றாலே ஒரு போனஸ் புள்ளி உண்டு என்பதால் அது சின்ன விஷயமில்லை. ஆனால் பின்வாங்கும் ஸ்க்ரமிலிருந்து பந்து அவர் கைக்கு வரும்போது ஸ்க்ரமின் ஓரத்தில் இருக்கும் எதிரணி ஃப்ளாங்கரும் கூடவே வந்துவிடுவார். அப்புறம் என்ன கணக்கு போட?

டைட்ஹெட்டின் கதை வேறு. எதிரணியின் லூஸ்ஹெட் (இடப்பக்க ப்ராப்), ஹூக்கர் (முன்வரிசை நடுவர் இடத்து வீரர்) இருவருக்கும் நடுவே தலையை நுழைத்து இரண்டு பக்க அழுத்தத்தையும் தாங்குபவர் அவர்தான். அவர் இடுப்பு வெளியே திரும்பினால் ஸ்க்ரம் சரியும், பெனால்டி போகும். எதிரணி பந்தை டச்சுக்கு (ஓரக்கோட்டுக்கு வெளியே) உதைத்தால் லைன்அவுட்டும், அதாவது பந்தை உள்ளே எறியும் உரிமையும், அவர்களுக்கே. நம் கோட்டுக்கு 5 மீட்டரில் மால் (பந்து வைத்திருப்பவரைச் சூழ்ந்து கூட்டமாகத் தள்ளுவது), பிறகு கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்து ட்ரை, அதோடு கன்வர்ஷன் உதை. ஒரு ஸ்க்ரமில் வழுக்கியதற்கு 7 புள்ளி அபராதம்!

என் ஓட்டு 3-ஆம் எண்ணுக்கே. ஆனால் ஒருவர் போதாது. 80 நிமிடமும் தாங்கும் டைட்ஹெட் அபூர்வம். 50-ஆவது நிமிடத்துக்குப் பிறகு பெஞ்சிலிருந்து வருபவரும் அதே தரத்தில் இருக்க வேண்டும். உதைக்கும் வேலையை அகாடமிப் பையன் பழகிக்கொள்வான். 20 வயதில் ஸ்க்ரமைத் தாங்குவதுதான் கஷ்டம்.